இருமினால் சிறுநீர் கசிகிறது, கெகல் செய்தும் குறையவில்லை: பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். இரண்டாவது குழந்தையை வேக்கும் வைத்து எடுத்தார்கள். இப்போது ஒன்றரை வயது. இருமினாலோ தும்மினாலோ, குழந்தையைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. வீடியோ பார்த்து ஆறு வாரமாகத் தினமும் நூறு தடவை கெகல் பயிற்சி (சிறுநீரை அடக்கும் அடித்தசையைச் சுருக்கி விடுவது) செய்கிறேன். குறையவில்லை, கூடியதுபோலக்கூடத் தெரிகிறது. சிசேரியன் செய்திருந்தால் இது வந்திருக்காதா? பிசியோதெரபிக்குப் போனால் உள்ளே விரல் விட்டுப் பார்ப்பார்களாமே, அது கட்டாயமா? அம்மாவுக்கு அடியிறக்கம் (கர்ப்பப்பை கீழே இறங்குவது) இருந்தது, அதனால் பயமாகவும் இருக்கிறது.

பதில்:

இருமல், தும்மல், பாரம் தூக்குதல் என்று வயிற்றில் அழுத்தம் ஏறும் நேரத்தில் மட்டும் கசிந்தால் அதற்கு அழுத்தக் கசிவு என்று பெயர். சிறுநீர்க் கசிவு வகைகளில் பயிற்சிக்கு நன்றாகக் கேட்பது இதுதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பில், இந்த வகைக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களில் நூற்றுக்கு 6 பேர்தான். ஆகவே ஆறு வாரம் செய்தும் பலன் இல்லையென்றால் "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தவறான தசையை இயக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1991-ல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து, பிறகு கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். 12 பேர் கசிவை அதிகப்படுத்தக்கூடிய விதத்தில், அதாவது மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிச் செய்துகொண்டிருந்தார்கள். வீடியோவும் வாய்ச்சொல்தான். உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பயிற்சிக்குப் பெயர் தந்த மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதை எழுதியபோது "சுருக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. முதலில் பரிசோதித்து, சரியான தசை இயங்குகிறதா என்று பார்த்தார். யோனிக்குள் வைக்கும் ஒரு சிறிய அழுத்தமானியைக் கொடுத்து, முள் நகர்வதைப் பெண்ணே பார்த்துக்கொண்டு செய்யும்படி சொன்னார். பிற்காலத்தில் பயிற்சியின் பெயர் பரவியது, அந்தப் பரிசோதனை விட்டுப்போயிற்று. பிசியோதெரபிஸ்ட் உங்களுக்குச் செய்யப்போவதும் விட்டுப்போன அந்தப் பகுதியைத்தான்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மர நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முன்பக்கம் அடிவயிறு முடியும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு ஒன்று. பின்னால் முதுகெலும்பின் வால்நுனி ஒன்று. இரண்டு பிட்டங்களுக்கும் அடியில் நாற்காலியில் உறைக்கும் எலும்புகள் இரண்டு. இந்த நான்குக்கும் நடுவே, முன்னிருந்து பின்னாகத் தூளி கட்டியதுபோல ஒரு தசைத் தொகுதி தொங்குகிறது. சிறுநீர்த்துளை, யோனி, ஆசனவாய் மூன்றும் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. இதை இடுப்புத் தளத் தசை என்பார்கள்.

இருமும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் சிறுநீர்ப்பையைக் கீழே தள்ளும். நல்ல நிலையில் இருந்தால், இருமல் வெளிவரும் கணத்துக்குச் சற்று முன்பே தூளி தானாக இறுகி மேலே எழும்பி, சிறுநீர்க் குழாயை மூடிவிடும். பலம் குறைந்திருந்தாலும் கசியும். பலம் இருந்து நேரம் தப்பினாலும் கசியும். இந்த இரண்டாவது காரணத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்கச் சுருக்கிப் பழகியவர்களுக்கும் தும்மும்போது கசிவது இதனால்தான்.

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது இந்தத் தசையின் உட்பகுதி தன் நீளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இழுபடுகிறது. அதற்குப் போகும் நரம்பும் கூடவே இழுபடும். ஃபோர்செப்ஸ் போட்ட பிரசவங்களில் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடும் ஆபத்து அதிகம். வேக்கும் வைத்தால் அந்த அளவுக்கு இல்லை. சிசேரியனில் கசிவுக்கான வாய்ப்பு குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ஒன்பது மாதம் சுமந்த பாரம், கர்ப்ப கால ஹார்மோன், மலச்சிக்கல், உடல் எடை, தீராத இருமல் எல்லாம் அதில் சேரும். சிசேரியன் மட்டுமே ஆன பெண்களும் இதே புகாருடன் வருகிறார்கள். எனவே முடிந்துபோன பிரசவத்தை நினைத்து வருந்த வேண்டாம்.

இனி, சரியான தசைதானா என்று வீட்டிலேயே பார்க்கும் முறை. ஒரு கைத்துண்டை இறுக்கச் சுருட்டி, மர நாற்காலியில் முன்பின்னாக நீளவாக்கில் வையுங்கள். சிறுநீர்த்துளையும் ஆசனவாயும் அதன்மேல் படும்படி உட்காருங்கள். பாதம் தரையில், தொடை தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து இருக்கட்டும். இப்போது வாயு பிரியப்போகிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று நினைத்து ஆசனவாயை அடக்குங்கள். அந்தப் பிடியை விடாமல் முன்பக்கமாக, சிறுநீரை நிறுத்துவதுபோல, மேலே இழுங்கள். துண்டின் அழுத்தம் குறைந்து உடம்பு அதிலிருந்து விலகுவதுபோலத் தெரிந்தால் சரி. துண்டை அழுத்துவதுபோல இருந்தால் நீங்கள் முக்குகிறீர்கள்.

கண்ணாடியில் பார்க்கவும் செய்யலாம். தலையணையில் சாய்ந்து முழங்காலை மடக்கி, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சுருக்குங்கள். ஆசனவாய் சுருங்கி உள்ளே போக வேண்டும்; பிரசவத்தில் தையல் போடும் இடம் மேலேறி உள்வாங்க வேண்டும்; விடும்போது பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்த இடம் வெளியே புடைத்தால் அது தப்பு. அப்படியிருந்தால் பயிற்சியை அன்றோடு நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். கசிவு கூடியதுபோல இருக்கிறது என்கிறீர்களே, நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

வேறு தவறுகளும் நிறையப் பேர் செய்வதுண்டு. பிட்டத்தை இறுக்குவது: நாற்காலியில் உங்கள் உயரம் அரை அங்குலம் கூடினால் பிட்டம்தான் வேலை செய்கிறது. தொடைகளை ஒட்டுவது: முழங்கால்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் தெரிந்துவிடும். தொப்புளை முதுகோடு ஒட்டுவதுபோல வயிற்றை எக்குவது. இவற்றையெல்லாம் விட மோசமானது மூச்சைப் பிடிப்பது. மூச்சைப் பிடித்தால் வயிற்றழுத்தம் ஏறி, தூக்கப் பார்க்கிற தூளியை மேலிருந்து அமுக்கும். சுருக்கும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். குரல் வந்தால் மூச்சு ஓடுகிறது என்று பொருள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்கிறார்கள். தசையை அடையாளம் காண ஒரே ஒருமுறை போதும். தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத பழக்கம் வந்து, நோய்த்தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

நூறு தடவை என்ற கணக்கையும் விடுங்கள். களைத்த தசை பத்து, பதினைந்துக்குப் பிறகு வேலையைப் பிட்டத்திடமும் தொடையிடமும் ஒப்படைத்துவிடும். மீதியெல்லாம் அவற்றுக்கான பயிற்சிதான். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்ச அளவு ஒரு வேளைக்கு 8 சுருக்கம், நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம், அதுவும் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில்.

பிசியோதெரபிஸ்ட் இந்த அளவையும் உங்கள் தசைக்கு ஏற்றபடி அமைப்பார். எத்தனை விநாடி பிடி நழுவாமல் நிற்கிறது, அப்படி எத்தனை தடவை முடிகிறது, சட்டென்று சுருக்கி விடுவது எத்தனை முடிகிறது என்று எண்ணுவார். உதாரணமாக, உங்களால் 4 விநாடிதான் பிடிக்க முடிகிறது, ஐந்து தடவைக்கு மேல் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் அளவு: 4 விநாடி பிடி, 8 விநாடி முழு ஓய்வு, 5 தடவை. பிறகு ஒரு நிமிடம் விட்டு, ஒரு விநாடி சுருக்கி உடனே விடும் வேகச் சுருக்கம் 5. இது ஒரு வேளை. காலை, மதியம், இரவு என மூன்று வேளை. வாரத்துக்கு ஒரு விநாடியும் ஒரு தடவையும் கூட்டி, 10 விநாடி, 10 தடவை, வேகச் சுருக்கம் 10 வரை போகலாம். இந்தத் தசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெதுவாக நீடித்து உழைக்கும் நார்கள், மீதி சட்டென்று வேலை செய்பவை. முதல் வகை நாள் முழுக்கத் தாங்குகிறது, இரண்டாவது தும்மலுக்குப் பதில் சொல்கிறது. அதனால்தான் இரண்டு விதப் பயிற்சி.

ஓய்வு விநாடிகளை வெட்டாதீர்கள். தசை முழுதாகத் தளர்ந்தால்தான் அடுத்த சுருக்கம் முழுதாக வரும்.

முதல் இரண்டு மூன்று வாரம் படுத்து முழங்காலை மடக்கிச் செய்யுங்கள், புவியீர்ப்பு எதிர்க்காது. பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. நின்றுகொண்டு செய்ய வராமல் படுத்து மட்டும் செய்தால், கசிவதெல்லாம் நிற்கும்போதுதானே, பலன் பாதியில் நின்றுவிடும். "சமையல் செய்துகொண்டே செய்யலாம், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்" என்பதை முதல் மாதத்துக்கு ஏற்காதீர்கள். கவனம் சிதறினால் பிட்டம் முந்திக்கொள்ளும். குழந்தை தூங்கிய பத்து நிமிடம் இதற்குப் போதும். முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் மூளை அந்தத் தசையைக் கண்டுபிடித்ததால் வருவது; தசை உண்மையிலேயே தடிக்க மேலும் பல வாரங்கள் ஆகும். மூன்று மாதம் என்று சொல்வதன் காரணம் அதுதான். குணமான பிறகும் நாளைக்கு ஒரு வேளை தொடர வேண்டும்.

உங்களுக்கு விரைவில் கைகொடுக்கக்கூடியது வேறொன்று: இருமலுக்கு முன் சுருக்குவது. இருமல் வருவது தெரிந்ததும், அது வெளிவருவதற்கு முன்பே தூளியை இறுக்கித் தூக்கி, இருமி முடியும்வரை பிடித்து, பிறகு விட வேண்டும். இதைச் சோதித்து 1998-ல் வெளிவந்த ஆய்வில், ஒரே வாரப் பழக்கத்தில் இருமலின்போது கசிவு வெகுவாகக் குறைந்தது. அந்த ஒரு வாரத்தில் தசை பலமாகியிருக்க வழியில்லை. நேரம் மட்டும் சரியாயிற்று. உட்கார்ந்து, சுருக்கி, பிடித்தபடியே லேசாக இருமி, பிறகு தளர்த்தி என்று ஒரு வேளைக்கு ஐந்து முறை பழகுங்கள். வந்துவிட்டால் தும்மல், குழந்தையைத் தூக்குதல், குடம் எடுத்தல், கட்டிலிலிருந்து எழுதல் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோங்கள். பாரம் தூக்கும்போது "சுருக்கு, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு" என்பது வரிசை. நிரம்பிய வீட்டுச் சமையல் சிலிண்டர் ஒன்று 30 கிலோவை ஒட்டி வரும். அதை இப்போதைக்கு நீங்கள் நகர்த்த வேண்டாம்.

பிசியோதெரபிஸ்டிடம் முதல் முறை போகும்போது பெரும்பகுதி பேச்சாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எத்தனை பிரசவம், குழந்தையின் எடை, தையல் எந்த அளவு, பிரசவத்தில் எவ்வளவு நேரம் முக்கினீர்கள், மலம் எப்படிப் போகிறது, தாம்பத்திய உறவில் வலி உண்டா, வாயு அடக்க முடிகிறதா, என்னென்ன மாத்திரை என்றெல்லாம் கேட்பார். கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அந்த இருமல் தொடரும்வரை எந்தப் பயிற்சியும் தோற்றுக்கொண்டே இருக்கும்; மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து பரிசோதனை. உள்ளே பார்ப்பது கட்டாயமில்லை. அது உங்கள் சம்மதத்தோடு மட்டும் நடக்க வேண்டிய ஒன்று. சம்மதித்த பிறகு நடுவில் வேண்டாம் என்றாலும் அக்கணமே நிறுத்த வேண்டும். கூட ஒரு பெண் ஊழியரோ உங்கள் வீட்டுப் பெண்ணோ இருக்கலாம். திருமணமாகாதவர்களுக்கும், பிரசவமாகி ஆறு வாரம் முடியாதவர்களுக்கும், கர்ப்பத்தில் ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும், தொற்று இருப்பவர்களுக்கும் வழக்கமாக இதைச் செய்வதில்லை. செய்வது எப்படியென்றால், கையுறை போட்டு ஜெல் தடவிய ஒரு விரலை மெதுவாக உள்ளே வைத்து, "இப்போது சுருக்குங்கள்" என்பார். விரலைச் சுற்றி இறுகி மேலே இழுக்கிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, எங்காவது வலிக்கிறதா, விட்டதும் தளர்கிறதா என்று பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார். 0 என்றால் அசைவே இல்லை, 3 என்றால் மேல்நோக்கித் தூக்குகிறது, 5 என்றால் விரலை வலுவாகப் பிடித்து இழுக்கிறது. யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி தேவையில்லை, நேரமும் சில நிமிடம்தான். வேண்டாம் என்றால் வெளியிலிருந்து தையல் போடும் இடத்தில் துணிக்கு மேல் கை வைத்துப் பார்க்கலாம். அல்லது அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்து, சுருக்கும்போது சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி மேலே எழும்புவதைத் திரையில் காட்டலாம். பக்கவாட்டு வித்தியாசமும் வலிக்கும் இடமும் விரலில்தான் துல்லியமாகத் தெரியும், அதனால் உங்கள் நிலையில் சம்மதிப்பது நல்லது என்பது என் கருத்து. முடிவு உங்களுடையது.

"பத்து நாள் மின்சார சிகிச்சை எடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். மின்தூண்டல், சுருக்கவே வராத, மதிப்பெண் 0, 1 என்று இருக்கும் பெண்களுக்குத் தசையை உணரவைக்க உதவும். தானாகச் சுருக்க வருகிறவர்களுக்கு அதனால் பெரிய கூடுதல் பலன் இல்லை. கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதைத் தொடவே கூடாது. திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு செய்யும் பயோஃபீட்பேக்கும் அப்படித்தான். பிரிட்டனில் 600 பெண்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பயிற்சியோடு அதைச் சேர்த்ததால் தனிப் பலன் கிடைக்கவில்லை. தசையைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பவருக்கு ஓரிரு முறை காட்டலாம், அவ்வளவே.

கெகல் செய்யவே கூடாத பெண்களும் இருக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகிக் கிடக்கும். உறவின்போது வலி, டேம்பான் (மாதவிடாயின்போது யோனிக்குள் வைக்கும் பஞ்சு) வைக்க முடியாமை, சிறுநீர் தொடங்க நேரமாவது, விட்டு விட்டு வருவது, மலம் கழித்தும் மிச்சம் இருப்பதுபோல இருப்பது, வால்நுனி எலும்பில் வலி இதன் அடையாளங்கள். இறுகிய தசையும் பலவீனமான தசைதான். ஏற்கெனவே மடக்கிய கையை இன்னும் மடக்க முடியாததுபோல, தும்மல் வரும்போது அது மேலே எழும்ப இடமிருக்காது. அதனால் இவர்களுக்கும் கசியலாம். இவர்களுக்கு முதல் வேலை விடப் பழகுவது. மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு கை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு உயர்வதோடு அடியும் மலர்ந்து இறங்குவதுபோல விடுவது. நாளைக்கு இருமுறை, ஐந்து நிமிடம். பாலாசனம், முழங்கால்களை அகட்டி மார்புக்கு இழுப்பது ஆகியவை உதவும். உறவே முடியாத அளவுக்கு இறுகும் வெஜைனிஸ்மஸ் நிலையில், விரல் நுனி அளவிலிருந்து தொடங்கும் டைலேட்டர்களைக் கொண்டு, பெண்ணே தன் கையால் மெல்ல மெல்லப் பழகுவார். யோகாவில் மூலபந்தம், அதாவது இந்த அடித்தசையைச் சுருக்கிப் பிடிப்பது, பழகுகிறவர்கள் அதை நாள் முழுக்கப் பிடித்து வைப்பதும் இந்த இறுக்கத்துக்குத் துணைபோகும். பிடிப்பதோடு விடுவதும் சேர்ந்ததுதான் அந்தப் பயிற்சி.

உங்களுக்கு எந்த வகை என்று உறுதியாகச் சொல்லப் பெரிதும் உதவுவது மூன்று நாள் குறிப்பு. ஒரு 500 மில்லி அளவு குவளையைக் கழிவறையில் வைத்துக்கொண்டு, குடித்த நேரமும் அளவும், சிறுநீர் போன நேரமும் அளவும், கசிந்தால் என்ன செய்யும்போது கசிந்தது என்பதும் எழுதுங்கள். பகலில் ஆறிலிருந்து எட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 200 முதல் 400 மில்லி, இரவில் ஒருமுறை எழுவது வரை இயல்பு. ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிதான் என்றால் "வெளியே கிளம்புகிறோமே, எதற்கும் ஒருமுறை போய்விடுவோம்" என்ற பழக்கம் சிறுநீர்ப்பையைச் சின்னதாக்கியிருக்கலாம். நாள் முழுவதற்கும் மூன்று லிட்டருக்கு மேல் போனால் சர்க்கரை பார்க்க வேண்டும்.

திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிவறைக்குப் போகும் வழியிலேயே ஆகிவிடுவது வேறு வகை, அவசரக் கசிவு. பூட்டில் சாவியை நுழைக்கும்போதும் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதும் வருவது இதுதான். அங்கே ஓடக் கூடாது. அப்படியே நின்று அல்லது உட்கார்ந்து, வேகச் சுருக்கம் ஐந்தாறு செய்து, குதிகாலை உயர்த்தி இறக்கி, அலை தணிந்ததும் நடந்து போக வேண்டும். ஒருமுறை சிறுநீர் கழிப்பதற்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியை வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டி, குறைந்தது ஆறு வாரம் பழக வேண்டும். காபி, டீயை நாளைக்கு இரண்டாகக் குறைத்தால் பலருக்கு நல்ல வித்தியாசம் தெரியும். இரண்டு வகையும் சேர்ந்தே சிலருக்கு இருக்கும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும், மலமும் இறுகும். மலச்சிக்கலில் முக்குவது ஒவ்வொரு நாளும் தூளியைக் கீழே இழுப்பது. நம் பழைய குந்தும் கழிவறை இதற்கு மிக நல்ல அமைப்பு. மேற்கத்தியக் கழிவறை என்றால் காலடியில் ஒரு சாண் உயர மணை போட்டு, முழங்கால் இடுப்பை விட உயரும்படி முன்னால் சாய்ந்து, மூச்சை ஊதிக்கொண்டே போங்கள். பேருந்து நிலையத்தில் இருக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் பழக்கத்தில் தசை தளராது, பையும் காலியாகாது. உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கசிவு குறையும்.

பிரசவமானதும் வயிற்றைப் புடவைத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. லேசாகத் தாங்குமளவுக்குக் கட்டுவதில் குறையில்லை. மூச்சுமுட்ட இறுக்கினால் அந்த அழுத்தம் போகும் இடம் கீழ்தான், தையல் ஆறாத தசையின் மேல்தான். அடுத்து உங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவம் வந்தால் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் அடியிறக்கம் பற்றிக் கேட்டீர்கள். திசுவின் உறுதியில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது விதி அல்ல. யோனி வாயில் ஏதோ உருண்டை தட்டுப்படுவது, மாலையில் அடி கனப்பது, உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்காருவதுபோல இருப்பது அடையாளங்கள். நான்கு படிநிலைகளில் முதல் இரண்டில் இதே பயிற்சியும், மலச்சிக்கலைத் தீர்ப்பதும் தொல்லையைக் குறைக்கும். அதற்கு மேல் போனால் பெஸரி என்னும் சிலிகான் வளையத்தை உள்ளே பொருத்தி ஏந்தி வைக்கலாம். அம்மா மாதவிடாய் நின்றவர் என்றால், மருத்துவர் சொல்லும் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் அந்தத் திசுவுக்குத் தெம்பு தரும். ஆகவே "வயசானா அப்படித்தான்" என்று அம்மாவை விட்டுவிடாமல் அவரையும் அழைத்துப் போங்கள்.

பிசியோதெரபிக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகள்: சிறுநீரில் ரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், இரவு பகல் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருப்பது. கடைசியாகச் சொன்னது, கடினமான பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு வந்தால், சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருக்கலாம். பயிற்சி அதை மூடாது. உள்தொடையும் அடிப்பகுதியும் மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்று, கால் பலமிழந்தால் அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்கும் அவசரம், அன்றே மருத்துவமனை.

போகுமிடம் பற்றி: பிசியோதெரபியில் மேற்படிப்பு முடித்து, மகளிர் நலத்தைத் தனிப்பிரிவாக எடுத்தவரை அல்லது இடுப்புத் தளத்துக்கெனத் தனிப்பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவரிடமே சிறுநீர்ப் பரிசோதனைக்கும் பரிந்துரைக்கும் கேட்கலாம். தொலைபேசியில் முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: "தசையைப் பரிசோதித்து அளந்து பார்ப்பீர்களா? வீட்டில் செய்ய எண்ணிக்கை எழுதிக் கொடுப்பீர்களா?" இரண்டுக்கும் ஆம் என்றால் போங்கள். மூன்று மாதத்தில் நான்கிலிருந்து ஆறு முறை போக வேண்டியிருக்கும். முதல் நாள் மூன்று நாள் குறிப்பு, பிரசவ டிஸ்சார்ஜ் தாள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். மூன்று மாதம் சரியாகச் செய்தும், அளவெடுத்துப் பார்த்தும் கசிவு நின்றபாடில்லை என்றால் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தாங்கி வைக்கும் அறுவைச் சிகிச்சை வரை வழிகள் உண்டு. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுவையைப் பொதுவாக அதற்குப் பிறகுதான் வைத்துக்கொள்வார்கள்.